அறுந்த கயிறும் ஐப்பசி இடியும்: குளச்சலிலிருந்து விழிஞ்ஞத்துக்கு ஒரு பாய் வள்ளம்

மாமாவின் பழைய பாய் வள்ளத்தைக் குளச்சலிலிருந்து கேரளத்து விழிஞ்ஞத்தில் கொண்டுபோய் ஒப்படைத்த அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யார் பேசினாலும் கதை இடியில்தான் தொடங்கும். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே புல்லுவிளைக்கு நேரே கடலில், பாயையும் பாய்மரத்தையும் இறக்கிப் போட்டுவிட்டு நாலு பேர் வள்ளத்துக்குள் குந்தியிருந்த முப்பத்தைந்து நிமிடம். கேட்கிறவர்களுக்கும் அதுதான் வேண்டும். என் குறிப்பேட்டில் அந்த இடி இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. முதல் பக்கத்தில் இருப்பது ஒரு கயிறு. அதைப் பற்றி என் மச்சான் மட்டும் இன்றுவரை வாய் திறப்பதில்லை.

வள்ளம் 24 அடி. பிளைவுட்டில் கட்டி மேலே ஃபைபர் பூசியது. மூங்கில் பருமலில், அதாவது பாயைத் தாங்கும் குறுக்குக் கழியில், கட்டிய முக்கோணப் பாய். இந்தக் கரையில் இப்போது பாய் விரிப்பவர்கள் அரிது, எல்லாம் அவுட்போர்டு எஞ்சின்தான். மாமா பாயை விடாமல் வைத்திருந்ததற்குப் பாதி காரணம் பிடிவாதம், மீதி மண்ணெண்ணெய் விலை. முழங்கால் தேய்ந்து அவர் கடலுக்குப் போவதை நிறுத்தியதும் விழிஞ்ஞத்துச் சம்பந்தி வள்ளத்தைக் கேட்டார். லாரியில் ஏற்றியிருந்தால் மதியத்துக்குள் வேலை முடிந்திருக்கும். "வள்ளத்த லாரியில ஏத்தி பொணம் மாதிரி கொண்டு போகாண்டாம், மக்கா" என்று சொல்லிவிட்டார் மாமா. சரி, பாயிலேயே போவது என்று ஆயிற்று.

அமரத்தில் (பின்முனையில்) மாமா, பாய்க்கு மச்சான், பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றுக்குச் சம்பந்தியின் மகன், அணியத்தில் (முன்முனையில்) நான். பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுக்கிறவனுக்குக் கடலில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. நங்கூரமும் குறிப்பேடும் என் பொறுப்பு. கீழே வரும் நேரங்கள் எல்லாம் அந்தக் குறிப்பேட்டிலிருந்தும், போனில் பதிவான ஜிபிஎஸ் தடத்திலிருந்தும் எடுத்தவை.

குளச்சலிலிருந்து விழிஞ்ஞம் ஏறக்குறைய 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர். கரை வடமேற்காக ஓடுகிறது. கடல் இடது கையில், ஊர்கள் வலது கையில். இந்தத் திசையை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றது புரியும். ஐப்பசியில் கச்சான் என்கிற மேல்காற்று அடங்கிப் பெரிய காற்று ஓய்ந்திருக்கும். அப்போது இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு காற்று. இரவில் நிலம் குளிர்ந்து மலையடியிலிருந்து கடலை நோக்கி இறங்குவது கரைக்காற்று. வடகிழக்கிலிருந்து வருவதால் வடமேற்கே போகிற வள்ளத்துக்கு அது பக்கவாட்டுக் காற்று. முக்கோணப் பாய்க்கு அதைவிட நல்ல காற்று கிடையாது. வெயில் ஏறியதும் அது செத்துவிடும். பத்து, பத்தரைக்கு மேல் கடல்காற்று எழும். இந்தப் பருவத்தில் அது மேற்கும் வடமேற்குமாக வரும். அதாவது போகிற வழிக்கு நேர் எதிரே.

ஆகவே திட்டம் எளிது. விடிகாலை 4.30க்குக் கிளம்பி, கரைக்காற்று சாவதற்குள் முக்கால்வாசிக்கு மேல் ஓடிவிட வேண்டும். மாமா இதை விளக்கவில்லை. "நாலரைக்கு வள்ளம் தண்ணியில கிடக்கணும்" என்றார், அவ்வளவுதான்.

கயிறு

4.20க்கு டார்ச் வெளிச்சத்தில் பாயை ஏற்றிப் பார்த்தோம். பாதி ஏறும்போதே ஏற்றுக்கயிறு அறுந்து பருமல் மச்சானின் தோளில் விழுந்தது. மரத்தின் உச்சித் துளையில் கயிறு உரசுகிற இடம் நாராகப் போயிருந்தது. வள்ளம் பல மாதம் கரையில் கிடந்திருக்கிறது. முந்தின நாள் மாலை மச்சான் பாயின் தையலைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், நங்கூரக் கயிற்றையும் பார்த்தான். கைக்கு எட்டியதையெல்லாம் பார்த்துவிட்டான். உச்சியில் மாட்டியிருக்கிற கயிறு கைக்கு எட்டாது. அதைப் பார்க்க மரத்தைச் சாய்க்க வேண்டும்.

மாற்றுக்கயிறு இருந்தது, ஆனால் தடிமன் அதிகம். துளைக்குள் நுழையவில்லை. மச்சான் வீட்டுக்கு ஓடி, பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, பொருத்தமான நைலான் கயிறு வாங்கி வந்து, மரத்தைச் சாய்த்துக் கோத்து, மறுபடி நிறுத்தினோம். அதற்குள் கிழக்கே வெளுத்துவிட்டது. வள்ளம் தண்ணீரில் இறங்கியது 6.15க்கு. ஒன்றே முக்கால் மணி நேரம் போயிற்று.

அந்த நேரத்தில் யாருக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. கரைக்காற்று ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது. வள்ளம் இலேசாகச் சாய்ந்து, மணிக்குச் சராசரி 4 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலேயே ஓடியது. கோடிமுனை, குறும்பனை, மேல்மிடாலம், இனயம் என்று ஒவ்வொரு ஊரின் கோயில் கோபுரமும் தென்னைக்கு மேலே தலை காட்டிப் பின்னால் போயிற்று. 7.45க்குத் தேங்காய்ப்பட்டணம். கட்டன்சாயா, அவித்த மரச்சீனி, மீன்குழம்பு. கடலில் சாப்பிட்டதிலேயே நல்ல காலைச் சாப்பாடு அது. தூத்தூரைத் தாண்டும்போது சம்பந்தி மகன் பாட்டே பாடினான்.

9.00க்கு நீரோடிக்கு நேரே வந்தோம். தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர், அதை அடுத்துப் பொழியூர், கேரளா. ஓடியது 11 மைலுக்குச் சற்று மேல். சரியாக அங்கே வைத்துப் பாய் தொங்கிவிட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே வேகத்தில் 4.30க்குக் கிளம்பியிருந்தால் 9 மணிக்கு 18 மைல் தாண்டியிருப்போம். விழிஞ்ஞம் கண்ணெதிரே இருந்திருக்கும். மீதி ஒன்றரை மைலைத் துடுப்பிலேயே முடித்திருக்கலாம். கயிறு தின்ற ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த அளவோடு நிற்கவில்லை. அது எட்டு மணி நேரமாக வளர்ந்தது.

எதிர்க்காற்று

ஒன்றரை மணி நேரம் அசையாமல் கிடந்தோம். அசையாமல் என்பதும் சரியில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எங்களை அரை மைல் தெற்கே, வந்த வழியே இழுத்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. 10.30க்கு நீர்ப்பரப்பு கறுத்துக் கடல்காற்று வந்தது, மேற்கு-வடமேற்கிலிருந்து. மிச்சம் 9 மைல்.

இங்கே மூன்று வழி இருந்தது. எஞ்சினைப் போடலாம். 9.9 குதிரைத்திறன், ஆனால் கையில் பத்து லிட்டர் மண்ணெண்ணெய்தான். அதை விழிஞ்ஞம் துறைமுக வாய்க்கும் ஆபத்துக்கும் என்று மாமா ஒதுக்கியிருந்தார். அல்லது காற்றை முதுகில் வாங்கித் தேங்காய்ப்பட்டணத்துக்குத் திரும்பலாம். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். நான் அதைத்தான் சொன்னேன். மாமா தலையசைத்து மறுத்தார். அந்தத் துறைமுக வாயில் மணல் சேர்ந்து அலை உடைகிற இடம், அங்கே வள்ளங்கள் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. பாயோடு, பின்னாலிருந்து அலையேற்றம் தள்ள, அதற்குள் நுழைவது அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது வழி, எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறுவது.

ஏறினோம். இதைச் செய்து பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வகைப் பாயால் காற்றை நோக்கி நேராக ஓட முடியாது, அறுபது பாகையாவது விலகித்தான் ஓடும். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே பருமலை மரத்தின் மறுபக்கத்துக்குத் தூக்கிக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வள்ளம் நின்று பின்னுக்கு வழுக்கும். அடியில் ஆழமான பலகை இல்லாததால் பக்கவாட்டிலும் வழுக்கும். ஜிபிஎஸ் தடத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரி இருக்கிறது. மூன்றரை மணி நேரம் உழைத்து விழிஞ்ஞத்தை நோக்கி நகர்ந்தது 5 மைல். மணிக்கு ஒன்றரை மைல்கூட இல்லை. மச்சானின் அடிபட்ட தோள் வீங்கிவிட்டது.

இந்த மூன்றரை மணி நேரத்தில் எல்லோரும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மலையை யாரும் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் 12.10க்கு "அகத்தியர் மலைப் பக்கம் வெள்ளை மேகம், காளான் போல" என்று எழுதியிருக்கிறேன். எழுதினேனே தவிர சொல்லவில்லை. எங்களுக்கு எதிரே வந்த அதே கடல்காற்று ஈரத்தோடு போய் மலைச்சரிவில் ஏறித்தான் அந்த மேகத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. 1,868 மீட்டர் மலை கரையிலிருந்து அதிக தூரம் இல்லை. ஐப்பசியில் மேல்மட்டக் காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்குவதால் மலையில் விளைந்த இடி மாலைக்குள் கடலுக்கு வந்துவிடும். இதையெல்லாம் வகுப்பில் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். வெட்கம்தான்.

எல்லைக்கு அப்பால் இருந்த எச்சரிக்கை

வானிலையைப் பார்க்காமல் கிளம்பினோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்தக் கரையை என்ன செய்தது என்பதைப் பார்த்தவர் யாரும் இங்கே அப்படிக் கிளம்புவதில்லை. மீனவர்களுக்கான எச்சரிக்கையை முந்தின இரவு பார்த்தோம், ஒன்றும் இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அலை முன்னறிவிப்பைப் பார்த்தோம், கள்ளக்கடல் என்கிற திடீர்ப் பேரலைக்கான எச்சரிக்கையும் இல்லை. இரண்டும் சரியாகத்தான் இருந்தன. அவை பேசுவது பரந்த கடலில் நீடித்து அடிக்கும் காற்றையும், தெற்கே எங்கோ ஆழ்கடலில் கிளம்பி வரும் பேரலையையும் பற்றி. மலையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு இறங்கி வருகிற இடிக்காற்று அந்தக் கணக்கில் வராது. அதற்கு மாவட்ட வாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று வரும் உடனடி அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

அதையும் பார்த்தோம், 11 மணிக்கு. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒன்றும் இல்லை என்று இருந்தது, நிம்மதியாகப் போனைப் பெட்டிக்குள் வைத்தேன். ஆனால் அப்போது வள்ளம் போய்க்கொண்டிருந்தது திருவனந்தபுரம் மாவட்டக் கடலை நோக்கி. நம் மாவட்டத்துக்கு அறிவிப்பு சென்னையிலிருந்து வரும், அவர்களுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து. என் போனில் சேமித்து வைத்திருந்தது சென்னைப் பக்கம் மட்டும். அந்தப் பகலில் திருவனந்தபுரத்துக்கு மஞ்சள் அறிவிப்பு இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டினால் பஸ் மாறும், பேச்சு மாறும் என்று பழகிய எங்களுக்கு, வானிலைப் பக்கமும் மாறும் என்பது தோன்றவே இல்லை.

1.40க்கு முதல் மின்னல். அதற்குள் வடகிழக்கு வானம் ஈயம் பூசினதுபோல ஆகிவிட்டது. நான் எண்ணத் தொடங்கினேன். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே நாற்பது நொடி, பதிமூன்று கிலோமீட்டர். 1.55க்கு இருபத்தைந்து நொடி. நாங்கள் நகர்வதைவிட அது வேகமாக வந்துகொண்டிருந்தது. 2 மணிக்கு எங்கள் கடல்காற்று திடீரென்று நின்றது. பாய் தொங்கியது, கடல் எண்ணெய் மாதிரி ஆனது. மச்சான் "காத்து விட்டுட்டு" என்று சந்தோஷப்பட்டான். மாமா எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

"பாய எறக்கு. மரத்தையும் சாய்ச்சிரு."

மச்சானுக்கு அது புரியவில்லை. எஞ்சினைப் போட்டுக் கரைக்கு ஓடிவிடலாம் என்றான். கரை ஒரு கிலோமீட்டர்தான். "கரையப் பாருல மக்களே" என்றார் மாமா. பார்த்தோம். பூவாரிலிருந்து வடக்கே கரை செங்குத்தாக இறங்குகிறது, அலை கடைசி நேரத்தில் எழும்பி மொத்தமாக உடையும். வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தது. அதில் 24 அடி வள்ளத்தை, தெரியாத துறையில், இடி முழக்கத்தில் ஏற்ற முடியாது.

இன்னொரு பக்கம், வரப்போவது கொண்டல், அதாவது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. கரைக்குப் பக்கத்தில் நின்றால் அதனால் பெரிய அலை எழுப்ப முடியாது, ஓடி வர இடம் இல்லை. ஆபத்து வேறு: அது வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் நங்கூரம். ஆழம் பார்த்தோம், 10 பாகம் (ஒரு பாகம் ஆறடி), அடியில் மணல். கயிற்றை 40 பாகம் விடச் சொன்னார். எனக்கு அது அதிகமாகப் பட்டது. குட்டையாக விட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் நங்கூரம் மேலே தூக்கப்படும், நீளமாக விட்டால் கிடைமட்டமாக இழுபட்டு மணலைக் கவ்வும் என்பதை அவர் கையைச் சாய்த்துக் காட்டி இரண்டே சொல்லில் சொன்னார்.

2.10க்குக் குளிர்ந்த காற்று முதலில் வந்தது, மழை பின்னால். அந்த இடைவெளி ஐந்து நிமிடம் இருக்கும். வள்ளம் ஒரே திருப்பில் கரையை நோக்கி அணியத்தைத் திருப்பியது, கயிறு விண்ணென்று நின்றது. எவ்வளவு வேகம் என்று அளக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் நாலு மடங்கு ஆகும். காலையில் எங்களைச் சுகமாகச் சாய்த்த அதே பாய் அப்போது விரிந்திருந்தால் வள்ளம் கவிழ்ந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மரம் படுத்துக் கிடந்தது இன்னொரு விதத்திலும் நல்லது. திறந்த கடலில் மின்னல் தேடுவது உயரமானதை. நாங்கள் மரத்தைத் தொடாமல் தாழக் குந்திக்கொண்டோம். மழை ஊசி மாதிரி குத்தியது. கரை மறைந்துபோயிற்று. சம்பந்தி மகன் ஜெபமாலை சொன்னான், நான் வாளியால் தண்ணீர் இறைத்தேன். மாமா நங்கூரக் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார். நங்கூரம் இழுபட்டால் கயிறு அதிரும், அது கைக்குத்தான் தெரியும்.

அதிரவில்லை. 2.45க்கு மழை தூறலாயிற்று.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மழை நிலத்தைக் குளிர வைத்துவிட்டதால் கடல்காற்று திரும்பி வரவில்லை. இடி விட்டுப்போன கிழக்குக் காற்று மெதுவாக, ஒரே சீராக வீசிக்கொண்டிருந்தது. காலையில் நாங்கள் தவறவிட்ட அதே பக்கவாட்டுக் காற்று. 3 மணிக்கு மரத்தை நிறுத்திப் பாயை ஏற்றினோம். மிச்சம் இருந்த 4 மைலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆயிற்று. புதிய கயிறு ஒரு தடவைகூட முனகவில்லை.

விழிஞ்ஞத்தைத் தெற்கிலிருந்து நெருங்கினால் முதலில் தெரிவது சர்வதேசத் துறைமுகத்தின் நீல நிறப் பாரந்தூக்கிகளும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத் தடுப்புச்சுவரும்தான். 2023 அக்டோபரில் முதல் கப்பல் வந்ததிலிருந்து இங்கே சிறு வள்ளங்களுக்கு வழி பழையபடி இல்லை. கப்பல் வாயை விலகி, சுவருக்கு வெளியே சுற்றி, மீன்பிடித் துறைக்குப் போக வேண்டும். சுவரில் மோதித் திரும்பும் அலையும் வரும் அலையும் சேர்ந்து வள்ளத்தை எல்லாப் பக்கமும் ஆட்டின. இங்கே எஞ்சினுக்கு வேலை வந்தது. நாளெல்லாம் மண்ணெண்ணெயைச் சேமித்து வைத்திருந்தோமே, அந்த எஞ்சின். பதினைந்து தடவை இழுத்தும் அது இருமக்கூட இல்லை. பிளக் நனைந்திருந்தது. மழைக்கு முன் அதன்மேல் ஒரு சாக்கைப் போர்த்தியிருக்கலாம், நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உள்ளே திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளத்துக்காரர் பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் எங்களைத் திட்டிக்கொண்டே கயிறு எறிந்து இழுத்துப் போனார். 5 மணிக்குக் கரை.

10.30க்குத் தேங்காய்ப்பட்டணம் திரும்பியிருக்க வேண்டுமா என்பதில் எனக்கும் மாமாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அன்று அலை குறைவு, காலையில் கடக்கும்போது அந்த வாயில் வெள்ளை ஒன்றும் பெரிதாக உடையவில்லை என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. மத்தியானத்துக்குள் அலையேற்றம் எப்படி மாறியிருக்கும் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறார் அவர். தெரியாதுதான். ஆனால் திரும்பாமல் முன்னே போவது என்று முடிவு செய்த அந்த நேரத்திலேயே நங்கூரத்தை எடுத்து வைத்து, எஞ்சினை மூடி, மலையைப் பார்க்க ஒருவரை உட்கார வைத்திருக்கலாம். அதில் மட்டும் அவர் எதிர்த்துப் பேசுவதில்லை.

அன்று இரவே நானும் மாமாவும் பூவார் வழியாகக் களியக்காவிளை வந்து பஸ் மாறினோம். மச்சான் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு விழிஞ்ஞத்திலேயே தங்கிவிட்டான். மார்த்தாண்டம் வரும்வரை மாமா பேசவில்லை. அப்புறம் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார். அறுந்த ஏற்றுக்கயிற்றின் துண்டு, ஒரு முழம் இருக்கும். "இத அவன் வீட்டு வாசல்ல தொங்கப் போடணும்" என்றார். போட்டும் விட்டார். இப்போது அதில் கோழிக்கூட்டின் கதவைக் கட்டியிருக்கிறார்கள்.